பின் சீட் இல்லாத கார்

அன்பு மகனுக்கு,

உனக்கும் உன் வீட்டுக்கும் ஸலாம். வீட்டில் இப்போது நீ தனியாகத்தான் இருக்கிறாய் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து, சோறு தின்னும்போதே ஃபோனை என் முகத்துக்கு நேரே நீட்டி, இரண்டு காரின் படத்தைக் காட்டினாய். ஒன்று நாலு கதவு வைத்த வெள்ளைக் கார். மற்றது கூரையை மடித்துப் பின்னால் போட்டுவிட்டு ஓடுகிற, இரண்டே பேர் இருக்கக்கூடிய பச்சைக் கார். "உம்மா, நீங்களே சொல்லுங்க, எது?" என்றாய். நான் மீன் முள்ளை எடுத்துக்கொண்டே, "இதென்ன கேள்வி, நாலு கதவுதான்" என்றேன். "பாத்தீங்களா வாப்பா, உம்மாவும் அதத்தான் சொல்றா" என்று, வழக்கில் வென்றவன் மாதிரி இன்னும் ஒரு அகப்பை சோறு போட்டுக்கொண்டாய். நான் சொன்னதைத் திரும்ப எடுக்கிறேன், மகன். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

இதை ஃபோனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உன் மனைவி ஸஃப்னா தாய்வீட்டுக்குப் போனதிலிருந்து, அவள் பெயரை எடுத்தவுடனே "சரி உம்மா, பிறகு கதைப்பம்" என்று வைத்துவிடுகிறாய். நேரில் சொன்னால் எழும்பிக் கை கழுவப் போகிறாய். கடிதத்தை அப்படி நடுவில் வெட்ட முடியாது. கிழித்தால்கூட என்ன எழுதியிருந்தேன் என்று துண்டைப் பொறுக்கிப் பார்க்கிற ஆள் நீ. அடுத்த கிழமை நானும் உன் வாப்பாவும் மன்னாருக்குப் போய்விடுவோம். தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லாரையும் உடுத்த உடுப்போடு வள்ளத்தில் ஏற்றித் துரத்திவிட்ட ஊருக்கு, யுத்தம் முடிந்து இத்தனை வருசம் கழித்துத் திரும்பிப் போகிறோம். காணியில் காடு வெட்டி அத்திவாரமும் போட்டாயிற்று. அங்கே போன பிறகு நினைத்தவுடன் பஸ் ஏறி வந்து உன்னோடு சண்டை பிடிக்க என்னால் முடியாது. அதனால் சண்டையை இப்போதே எழுத்தில் பிடித்துவிடுகிறேன்.

முதலில் நானும் உங்களோடு சேர்ந்து சிரித்தவள்தான் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நீ வேலை செய்கிற விடுதியின் வெளிநாட்டு முதலாளியும் அவர் மனைவியும் தங்கள் நாட்டுக்குத் திரும்பிப் போகிறார்கள், போகும்போது அந்தப் பச்சைக் காரை உனக்கே மலிவாகத் தருகிறார்கள், உன் மனைவி அதைத்தான் வாங்கச் சொல்லி நிற்கிறாள் என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கற்பிட்டி வெயிலில் கூரை இல்லாத காரா? வீடு வந்து சேரும்போது இரண்டு பேரும் கருவாடாகத்தான் இறங்குவீர்கள் என்றேன். பாலாவியில் உப்புக் காற்று, நுரைச்சோலையில் புழுதி, ரோட்டின் நடுவில் நகரமாட்டேன் என்று நிற்கிற கழுதைகள். அந்தக் காரின் டிக்கிக்குள் ஒரு பலாப்பழம்கூடப் போகாது. அரிசி மூட்டையை எங்கே வைப்பது, மழை வந்தால் என்ன செய்வது, நானும் உன் வாப்பாவும் எங்கே இருப்பது? உன் வாப்பா, "எங்கள ஏத்த இடமில்லாத கார் என்னத்துக்கு?" என்று கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பினார். மதுரங்குளியிலிருந்து வந்த உன் மாமி, உன் வாப்பாவின் தங்கச்சி, எல்லாருக்கும் மேலே ஒரு படி போனாள். "புள்ளைய மண்ணுக்குக் குடுத்து ஈரம் காயல்ல, மகாராணிக்குக் கூரை இல்லாத கார் கேக்குதாம்" என்றாள். நான் அவளைத் தடுக்கவில்லை. அந்தக் கதை கனமூலையில் இருக்கிற ஸஃப்னாவின் தாய்வீடு வரைக்கும் போயிருக்கிறது. ஸஃப்னாவே தன் காதால் கேட்டிருக்கிறாள்.

அந்த வெள்ளைக் காரை நீங்கள் எப்போது தெரிவு செய்தீர்கள் என்று உனக்கு மறந்திருக்காது. அவளுக்கு ஐந்தாம் மாதம். சிலாபத்தில் கார் விற்கிற இடத்துக்கு இரண்டு பேரும் போய்விட்டு வந்து, கல்யாண வீட்டுக்குப் போய் வந்தவர்கள் மாதிரி என்னிடம் விவரம் சொன்னீர்கள். அங்கே நின்ற பையன் பின் கதவைத் திறந்து, பிள்ளையின் சீட்டைக் கொளுவுகிற இரும்பு வளையத்தைக் காட்டினானாம். ஸஃப்னா பின்னால் ஏறி இருந்து பார்த்தாளாம். பக்கத்தில் பிள்ளை இருந்தால் பால் போத்தலை எங்கே வைப்பது என்று இடமும் பார்த்து வைத்தாளாம். பிள்ளை பிறக்க முன்னுக்கு அதற்கென்று ஒன்றும் வாங்கக்கூடாது என்பது நம் வீடுகளில் இருக்கிற பழக்கம். ஒரு சட்டைகூட வாங்கமாட்டோம், பழைய வேட்டியைக் கிழித்துத்தான் வைத்திருப்போம். நான் அதைச் சொன்னேன். "உம்மா, நாங்க சட்டையா வாங்குறோம், கார்தானே" என்று நீ சிரித்தாய். எனக்கும் சிரிப்பு வந்தது.

எட்டாம் மாதத்தில் பிள்ளை அசையாமல் போனது. ஆஸ்பத்திரியில் அவள் பெற்றாள், நீ வாங்கினாய். குளிப்பாட்டி, வெள்ளைத் துணி சுற்றி, உன் கையிலேயே ஏந்திக்கொண்டு ஆண்கள் எல்லாரும் கற்பிட்டி மையவாடிக்கு அடக்கப் போனீர்கள். அவள் கட்டிலில் கிடந்தாள். நம் பக்கத்தில் பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. அது யாரும் எழுதி ஒட்டிய சட்டம் இல்லை, ஆனால் யாரும் போவதும் இல்லை. வீட்டுக்கு வந்த பெண்கள், "அழாத மகள், அவன் சொர்க்கத்தில ஒனக்காகக் காத்துக்கொண்டு நிப்பான், கையப் புடிச்சிக் கூட்டிக்கொண்டு போவான்" என்றார்கள். நானும் சொன்னேன். நம்பித்தான் சொன்னேன், இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பிறகு அவளால் அழ முடியாமல் போனதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நீ சீக்கிரமே வேலைக்குப் போய்விட்டாய். ஒரு மாதம் போனதும் அந்த வெள்ளைக் காரின் கதையை மறுபடியும் எடுத்தாய். "இன்னொண்டு அல்லாஹ் தருவான் தானே, அப்ப கார் வேணும் தானே" என்றாயாம். உனக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும். அவள் எழும்பி உள்ளே போய்விட்டாள் என்று நீயே என்னிடம் குறையாகச் சொன்னாய்.

செவ்வாய்க்கிழமை நான் கனமூலைக்குப் போனேன். உனக்குச் சொல்லவில்லை. உண்மையில் அவளுக்கு ஏசத்தான் போனேன். பஸ்ஸில் இருந்துகொண்டே என்னென்ன சொல்வது என்று அடுக்கி வைத்துக்கொண்டு போனேன். புருசனைத் தனியே விட்டுவிட்டு தாய்வீட்டில் எத்தனை நாள், ஊர் வாயை மூட முடியுமா, கார் என்ன விளையாட்டுச் சாமானா என்று எல்லாம் வரிசையாக வாயில் வைத்திருந்தேன். அவள் குசினி வாசலில் பலகையில் இருந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பி, முக்காட்டைச் சரிசெய்து, "வாங்க மாமி" என்றாள். பிள்ளை பெற்ற உடம்பு போலவே இல்லை. கழுத்தெலும்பு தெரிந்தது. என் வாயில் இருந்த வரிசை கலைந்துபோனது. பக்கத்தில் இருந்து நானும் கீரையை எடுத்து ஆயத் தொடங்கினேன். கொஞ்ச நேரம் கழித்து, ஏசுகிற குரலில் இல்லாமல், "ஏன் மகள் அந்தக் கார்?" என்று மட்டும் கேட்டேன்.

"நீங்க சிரிப்பீங்க மாமி" என்றாள். நான் சிரிக்கமாட்டேன் என்றேன். "இவரு எயார்போட்டுக்கு ஆக்கள ஏத்தப் போன அண்டைக்கு எனக்குக் கிளினிக். போக வாகனமில்ல. இவர்ட முதலாளிட பொஞ்சாதி, அந்த வெள்ளைக்கார அம்மா, தன்ட பச்சைக் காரில கூட்டிக்கொண்டு போனா. திரும்பி வரக்குள்ள, காத்து வாங்குவமா எண்டு சைகையால கேட்டுட்டுக் கூரையத் தொறந்தா. கடல் பக்கத்து ரோட்டால போனோம். காத்தெண்டா அப்புடி ஒரு காத்து. முக்காட்ட ரெண்டு கையாலயும் புடிச்சிக்கொண்டு இருந்தன். அப்பதான் மாமி, அவன் உள்ளுக்குத் துள்ளினான். அதுக்கு முந்தி லேசா அசையிற மாதிரி இருக்கும், அது வயித்துக் காத்தா புள்ளையா எண்டு எனக்குத் தெரியாது. அண்டைக்குத் துள்ளினான். நான் சத்தம் போட்டுச் சிரிச்சிட்டன். அந்த அம்மா பயந்து காரை நிப்பாட்டிட்டா. அவட கையப் புடிச்சி என்ட வயித்துல வச்சன். அவவும் சிரிச்சா." இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போனது. பிள்ளை போன பிறகு நான் அந்த முகத்தைக் காணவே இல்லை.

"ஏன் மகள் இத அவனுக்குச் சொல்லல்ல?" என்றேன். "சொல்ல வாயெடுத்தன். அவரு வெள்ளைக் காரப் பத்திச் சொல்லத் தொடங்கிட்டார்" என்றாள். பிறகு கீரையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "மாமி, அவருக்குப் புள்ளைய வச்ச கபுர் இருக்கு. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போய் நிண்டு துஆ கேட்டுட்டு வாறார். வந்து கால் கழுவுறார். அந்த மண்ணு காலில இருக்கும், நான் பாத்துக்கொண்டு இருப்பன். எனக்கு என்ன இருக்கு? எனக்கு அந்தக் கார்தான் இருக்கு." அப்புறம் அவள் அழுதாள். நானும் அழுதேன். அழாதே என்று இந்த முறை நான் சொல்லவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு உனக்கு முன்னே பிறந்த உன் ராத்தாவின் நினைப்பு வந்தது. உனக்கு ஒரு ராத்தா இருந்தாள் என்று உனக்குத் தெரியும், ஆனால் அதற்கு மேல் நான் ஒன்றும் சொன்னதில்லை. மன்னாரிலிருந்து வள்ளத்தில் வரும்போது என் மடியில் இருந்தவள் அவள். கற்பிட்டிக் கரையில் இறங்கி, பிறகு அகதி முகாமில் ஓலைக் குடிசை போட்டுக்கொண்டு இருந்த காலத்தில், மழை தொடங்கியதும் காய்ச்சல் வந்தது. காலையில் பால் குடித்தவள் பின்னேரம் இல்லை. உன் வாப்பாவும் முகாமில் இருந்த இன்னும் சில ஆண்களும் அவளை ஏந்திக்கொண்டு மழைக்குள் போனார்கள். நான் குடிசை வாசலில் நின்றேன். திரும்பி வந்த உன் வாப்பாவிடம், எங்கே வைத்தீர்கள் என்று கேட்டேன். "அங்க பொம்பளைகள் போறதில்ல" என்றார். நான் போகவேண்டும் என்று கேட்கவில்லை, எங்கே என்றுதான் கேட்டேன். ஆனால் அந்தப் பதிலுக்குப் பிறகு நான் கேட்பதை விட்டுவிட்டேன். அவர் முகமும் பார்க்கிற மாதிரி இருக்கவில்லை.

அடுத்த வருசமே நீ பிறந்தாய். உன்னை அவளுடைய சீலைத் தொட்டிலிலேயே போட்டார்கள். "பாத்தியா, அல்லாஹ் திருப்பித் தந்திட்டான்" என்று முகாமே சந்தோசப்பட்டது. இதை உனக்கு எழுதலாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். நீ இப்போது பிள்ளையை மண்ணில் வைத்த ஆள், உன்னால் தாங்க முடியும் என்று நினைத்து எழுதுகிறேன். அந்தத் தொட்டிலுக்குள் குனிந்து பார்க்கும்போதெல்லாம் நான் முதலில் தேடியது அவளைத்தான். பிறகுதான் உன்னைப் பார்ப்பேன். பால் தந்தேன், குளிப்பாட்டினேன், கண்ணூறு கழித்தேன், ஒன்றிலும் குறை வைக்கவில்லை. ஆனால் உன்னைக் கொஞ்சிய ஞாபகம் எனக்கு இல்லை. நீ தவழத் தொடங்கின பிறகு ஒரு நாள் உப்புப் போத்தலைக் கவிழ்த்து, மடமடவென்று வாயில் அள்ளிப் போட்டு, முகத்தைச் சுளித்து என்னைப் பார்த்தாய். அவள் தவழ்கிற வயதுக்கு வந்ததே இல்லை. உப்புத் தின்ற முகம் உன்னுடையது மட்டும்தான். அன்றைக்கு உன்னைத் தூக்கி, நீ திணறித் திணறி அழும்வரைக்கும் கொஞ்சினேன். அதுவரைக்கும் நீ, பாவம், வேறொரு ஆளின் இடத்தில் படுத்துக்கிடந்தாய்.

இனி உன் வெள்ளைக் காருக்கு வருகிறேன். அது நல்ல கார். அதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் அதன் பின் சீட்டில் அவள் ஏறி இருந்து பார்த்துவிட்டாள். போத்தல் வைக்கவும் இடம் பார்த்துவிட்டாள். அந்தக் காரில் உனக்குப் பக்கத்தில் அவள் இருந்தால், முன்னால் ரோடு தெரியும், கண்ணாடியில் அந்த இடம் தெரியும். அதை நிரப்பத்தான் தன்னைக் கூட்டிக்கொண்டு போகிறான் என்றுதான் அவளுக்குத் தோன்றும். நீ அப்படி நினைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவளுக்குத் தோன்றும், அந்தத் தொட்டிலைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றியது மாதிரி. பிறகு அல்லாஹ் நாடி ஒரு பிள்ளை வந்தால், அது தனக்கென்று வரட்டும். வந்த பிறகு நாலு கதவு வாங்கு, ஆறு கதவு வாங்கு, நானே வந்து அதன் பின் சீட்டில் வெற்றிலையோடு இருந்துகொள்கிறேன்.

இப்போது அந்தப் பச்சைக் காரை வாங்கு. அது உதவாத கார் என்று எனக்குத் தெரியும். மழைக்கு ஒழுகும், உதிரிப்பாகம் கிடைக்காது, கராஜ்காரன் உன்னைக் கண்டால் சிரிப்பான், உன் மாமி மதுரங்குளிச் சந்தியில் நின்று ஊருக்கெல்லாம் சொல்வாள். சொல்லட்டும். அவளுக்குச் சொல்ல வேண்டியதை நான் சொல்லிவிட்டேன், இனி கொஞ்ச நாளைக்கு உன் வீட்டுப் பக்கம் வரமாட்டாள். உன் வாப்பாவும் நானும் சாமான் லொறியில் முன்னால் இருந்து மன்னாருக்குப் போய்க்கொள்வோம், எங்களை ஏற்ற இடமில்லையே என்று நீ மனம் வருந்த வேண்டாம். எதற்குப் பிரயோசனம் என்று கேட்பவர்களுக்கு நீ பதில் சொல்லத் தேவையில்லை. உன் மனைவி காற்றில் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு போகும்போது அவள் பிள்ளை அவளோடு இருக்கிறான். அவளுக்கு வேறு ஓர் இடத்தை நீங்கள் ஆண்கள் வைக்கவில்லை. நீ பக்கத்தில் இருந்து வண்டியை ஓட்டினால் போதும். கதைக்கக்கூடத் தேவையில்லை. அவளாகவே உனக்குச் சொல்வாள், அப்போது "பிறகு கதைப்பம்" என்று சொல்லாதே.

இன்னும் ஒன்று கேட்கிறேன். கனமூலைக்குப் போய் அவளை ஏற்றிக்கொண்டு வரும்போது நேரே வீட்டுக்குப் போய்விடாதே. மையவாடி மதிலோரமாகக் காரை நிறுத்து. அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போ என்று நான் சொல்லவில்லை, அது உங்கள் இரண்டு பேரின் விருப்பம். ஆனால் ரோட்டில் ஒரு கார் நிற்பதை யாராலும் தடுக்க முடியாது. அந்தக் காரில் அவள் எழும்பி நின்றால் தலையில் இடிக்கக் கூரையும் இல்லை. மதிலுக்கு மேலால் விரலை நீட்டி, இந்தா, அந்த மரத்துக்குப் பக்கத்தில், இத்தனையாவது வரிசையில் என்று காட்டு. அவள் எவ்வளவு நேரம் பார்க்கிறாளோ அவ்வளவு நேரமும் நில். பின்னால் வருகிற பஸ்காரன் ஹோர்ன் அடித்தால் அடிக்கட்டும்.

நேற்று சாமான் கட்டும்போது உன் வாப்பாவிடம் நான் மறுபடியும் கேட்டேன். இத்தனை வருசத்துக்குப் பிறகு, எங்கே வைத்தீர்கள் என்று. அவர் கட்டுகிற கயிற்றை விட்டுவிட்டு நிலத்தில் இருந்துவிட்டார். "அண்டைக்குப் பேய் மழை. அடையாளத்துக்கு ஒரு தடிதான் குத்தினோம். பிறகு அந்தப் பக்கமெல்லாம் தென்னை வச்சிட்டாங்க. நானும் ரெண்டு மூணு தரம் போய்த் தேடிப் பாத்தன். ஒனக்கு என்னத்தச் சொல்ற எண்டுதான் வாயத் தொறக்கல்ல" என்றார். உன் வாப்பா அழுது நான் பார்த்தது நேற்றுத்தான். நாங்கள் ஊருக்குப் போகிறோம், மகன். உன் ராத்தாவை இந்தப் புத்தளத்து மண்ணில் விட்டுவிட்டுப் போகிறேன். எங்கே விட்டுப் போகிறேன் என்று தெரியாமலே போகிறேன்.

உனக்கு இடம் ஞாபகம் இருக்கும்போதே அவளுக்குக் காட்டிவிடு.

உன் உம்மா